குளிருக்கு ஒரு எண், சூட்டுக்கு ஒரு எண்

நவம்பர் 4, செவ்வாய்

நூலகத்தில் இன்று முப்பத்தெட்டுப் புத்தகங்களுக்குப் பட்டியல் எண் போட்டேன். அதில் இருபத்தாறு, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்பவை. அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகவே ஐம்பது நிமிஷம் ஆயிடுச்சு. கடிகாரம் எழுதிட்டாரு."

கடிகாரம் என்பவர் மலைமேல் இருக்கும் பால் சேகரிப்பு நிலையத்தின் மேலாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கக்கூடும், யாரும் விசாரித்ததில்லை. அவர் போட்ட ஒப்பந்தம் எளிமையானது. மதியம் காலி கேன்களோடு மேலே ஏற வேண்டும். இரவு அங்கேயே வண்டியை நிறுத்தி, காலை ஐந்தே காலுக்குப் பாலோடு கீழே ஆலைக்கு இறங்க வேண்டும். ஞாயிறு காலை மட்டும் நிலையத்தின் சொந்த வண்டி இறங்கும். ஜனவரி 31 வரை சோதனைக் காலம். அதற்குள் பதிவேட்டில் மூன்று முறை 'தாமதம்' விழுந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

இன்று ஒன்று விழுந்துவிட்டது.

பத்தொன்பது வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டிய மனிதர் இவர். எட்டு மாதமாகத்தான் தன்னுடையதை ஓட்டுகிறார். இந்த ஒப்பந்தம் போனால் வண்டியை விற்றுவிட்டு மறுபடி யாரிடமாவது சாவி கேட்டு நிற்க வேண்டும். இதை அவர் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பை வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காகக் கழற்றி வைத்தார். அதில் தெரிந்தது.

நவம்பர் 5, புதன்

இவருடைய தம்பிதான் எங்கள் மெக்கானிக். எதைக் காட்டினாலும் "சரி பண்ணிடலாம்" என்பான். தன் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயர் மாறி அச்சானபோதும் அதையேதான் சொன்னான். தெருவில் இப்போது அவன் பெயரே சரிபண்ணிடலாம்.

வண்டியைச் சுற்றி வந்தான். பேட்டரியைத் தட்டினான்.

"பேட்டரி போயிருச்சு அண்ணே. சரி பண்ணிடலாம்."

நவம்பர் 7, வெள்ளி

புதுப் பேட்டரி. காலையில் மலையில் செல்ஃப் அடித்தால் என்ஜின் முனகுகிறதாம், சுற்ற மறுக்கிறதாம். இவர் ஒரு இரும்புத் தட்டில் கரித்துண்டுகளைக் கனலவைத்து என்ஜினுக்கு அடியில் தள்ளி, அரை மணி நேரம் காத்திருந்து கிளப்பினார். ஐந்து மணி பதினான்கு நிமிடத்துக்கு வண்டி நகர்ந்தது.

ஆறு சக்கர லாரிக்கு ஒத்தடம் கொடுக்கும் குடும்பம் இந்த வட்டாரத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெருமைப்படுவது என் வழக்கம் இல்லை. இருந்தாலும் பதிவு செய்துவைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வண்டியின் கைப்புத்தகம் கிடந்தது. இருநூற்று எழுபது பக்கம். முந்தைய உரிமையாளர் அதைத் திறந்ததே இல்லை. பக்கங்கள் பிரியும்போது புதுப்புத்தகச் சத்தம் வந்தது. எங்கள் நூலகத்தில் தத்துவப் பிரிவுதான் இப்படிச் சத்தம் போடும்.

உட்கார்ந்து முழுதும் படித்தேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு படம்: எந்தக் குளிருக்கு எந்த ஆயில். டப்பாவில் இருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பது. சின்னதாக இருந்தால் குளிரிலும் ஓடும். இரண்டாவது, என்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நாங்கள் ஊற்றியிருப்பது 20W-50. படத்தில் அதன் கோடு மைனஸ் ஐந்தோடு நின்றுவிடுகிறது. மலையில் காலை மைனஸ் எட்டு. போதாததற்கு, ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்து ஒரு டப்பாவைக் கொழுந்தன் ஆயில் மாற்றும்போதெல்லாம் சேர்த்து ஊற்றுகிறான். அதாவது நம் என்ஜின் விடியற்காலையில் பாகுக்குள் நடக்கிறது.

பட்டறைக்குப் போய் பக்கத்தைக் காட்டினேன்.

"அண்ணி, நீங்க புக்குல பாக்குறீங்க. நான் விரல்ல பாக்குறேன்." ஆயில் அளவுகோலை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துக் காட்டினான். "பாருங்க, எப்படி நிக்குது. இதை எடுத்துட்டுத் தண்ணி மாதிரி ஊத்தினா ஆயில் பிரஷர் முள்ளு படுத்துக்கும். வயசான என்ஜின். கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்."

"வயசானதுன்னு யார் சொன்னது?"

"முள்ளுதான். வண்டி வாங்கின அன்னிக்கே பாத்தேன்ல. சும்மா நின்னு ஓடும்போது விழுந்துச்சு. மருந்து ஊத்தினேன், எழுந்துச்சு."

நோயாளி எழுந்து உட்கார்ந்ததை வைத்தே மருந்தைப் புகழ்கிற வைத்தியம்.

நவம்பர் 10, திங்கள்

நானே கடைக்குப் போய் ஆயில் வாங்கி வந்தேன். முதல் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டி, 5W-30. நான்கு டப்பாவையும் நூலக வாசல் ஆட்டோவில் ஏற்றி வந்து பட்டறை மேசையில் வரிசையாக வைத்தேன். அடுக்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு.

கொழுந்தன் ஒரு டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"அண்ணி, இது கார் ஆயில். பெட்ரோல் காருக்கு. பின்னாடி டீசலுக்கான எழுத்து எதுவும் இல்ல பாருங்க. நம்ம என்ஜின்ல கரி நெறைய சேரும், அதைத் தாங்குற சரக்கு இதுல கெடையாது. அந்த முப்பதும் நம்ம சூட்டுக்குப் பத்தாது."

இருநூற்று எழுபது பக்கம் படித்தவள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

அவன் சொன்னது சரி. எழுதிவிட்டேன், இனி மறுக்க முடியாது.

நவம்பர் 12, புதன்

இந்த முறை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். 10W-40, கனரக டீசலுக்கான எழுத்துகளோடு. முதல் எண் மலைக்கு, இரண்டாவது சூட்டுக்குக் கைப்புத்தகம் கேட்கும் நாற்பது. கொழுந்தன் பழையதை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதியதை ஊற்றினான். ஊற்றும்போது முகத்தை, வேண்டாத சம்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

நவம்பர் 13, வியாழன்

காலை 5.06க்குப் போன்.

"ஒரே சாவி."

"என்னது?"

"ஒரே சாவிதான் போட்டேன். பிடிச்சுக்கிச்சு. மைனஸ் எட்டு."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்ஜின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டோம். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு கச்சேரிக்கு நாங்கள் போனதில்லை.

நூலகத்தில் இன்று எல்லோரிடமும் தன்மையாகப் பேசினேன். தாமதமாகப் புத்தகம் திருப்பித் தந்தவரையும் உட்காரச் சொன்னேன். அவர் பயந்துவிட்டார்.

நவம்பர் 15, சனி

இரண்டாவது தாமதம்.

மலையில் அழகாகக் கிளம்பியது. கீழே இறங்கி, இரண்டு நாளாக நிற்காமல் தாண்டிய நகரத்து சிக்னலில் இன்று நின்றபோது பிரஷர் முள் அப்படியே சரிந்து சிவப்புக்குப் போயிருக்கிறது. என்ஜின் இறுகி நின்றுவிடுமோ என்று இவர் பதறி ஓரம் கட்டிவிட்டார். வேறு யாராயிருந்தாலும் என்ன செய்வார்கள்? தம்பியைக் கூப்பிட்டார். அவன் போய் இரண்டு டப்பா கெட்டி மருந்தை ஊற்றினான், முள் எழுந்தது, வண்டி போனது. ஒன்றேகால் மணி நேரம். ஆலை வாசலிலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மேலே கடிகாரம் எழுதிவிட்டார்.

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்? அவன்தான் சொன்னானே, முள்ளு படுத்துக்கும்னு. சொன்னானே! புத்தகத்துல படம் போட்டிருந்தா போதுமா — அந்தப் படம் போட்டவன் நம்ம வண்டியப் பாத்தானா? படிச்சவங்கிற திமிரு. பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் காத்திருந்து வாங்கினது. ஒரே ஒரு தாமதம்தான் பாக்கி.

இவர் திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி 20W-50. கரித் தட்டு மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. இனி மூன்றரைக்கே எழுந்து கிளப்பி வைத்துக்கொள்வதாக இவர் சொன்னார். டிசம்பரில் மைனஸ் பத்துக்குக் கீழே போகும் என்று வானிலைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் எப்போதும் தவறாகச் சொல்பவர்கள் என்பதே இப்போதைக்கு ஆறுதல்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒன்று உறுத்துகிறது.

ஞாயிறுதோறும் ஆயில் அளவைப் பார்த்து நூலகத்து அட்டையில் குறித்துவைப்பேன். எட்டு மாதக் குறிப்பையும் இன்று எடுத்துப் பார்த்தேன். ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அளவு குறையவே இல்லை. தேய்ந்த என்ஜின் ஆயிலைக் குடிக்கும் என்று கைப்புத்தகம் சொல்கிறது. நீலப் புகை விடும் என்கிறது. நம்முடையது புகை விடுவதில்லை. ஏற்றத்தில் இழுக்கத் திணறுவதும் இல்லை. உடம்பு முழுக்க நன்றாக இருக்கிறது, மருந்துச் சீட்டில் மட்டும் நோய்.

வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்வது யார்? முள். முள் சரியாக இருக்கிறது என்று சொன்னது யார்?

ஒருவரும் இல்லை. முள்ளை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சோதிக்கவில்லை. நான் உள்பட.

நவம்பர் 19, புதன்

கொழுந்தனிடம் போய்க் கேட்டேன். என்ஜினிலிருந்து முள்ளுக்குச் சேதி அனுப்பும் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே நேராக ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்க்கலாமா?

"முள்ளு பொய் சொல்லுமா அண்ணி?"

"மனுஷங்க சொல்றாங்க இல்ல?"

"மனுஷங்களுக்கு லாபம் இருக்கு. முள்ளுக்கு என்ன இருக்கு?"

இதைவிட நல்ல வாதத்தை நான் தத்துவப் பிரிவிலும் படித்ததில்லை. ஆனாலும் கேஜைக் கேட்டேன். அப்படி ஒரு கேஜ் அவனிடம் இல்லை. இத்தனை வருடத்தில் தேவைப்பட்டதில்லையாம்.

நவம்பர் 21, வெள்ளி

ஆற்றோரத்தில் டீசல் பம்ப் என்ஜின்களைப் பழுது பார்க்கிற பம்ப் அக்காவைத் தேடிப் போனேன். வாரம் ஒரு துப்பறியும் நாவல் எடுக்கிறவர். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது:

"எட்டு மாசமா முள்ளைக் கேட்டு வைத்தியம் பாத்தீங்களா? நீங்கல்லாம் படிச்சவங்கன்னு நெனச்சேன்."

"படிச்சதனாலதான் அக்கா இவ்வளவு நாள் ஆச்சு."

கேஜையும் அதற்கான குழாயையும் துணியில் சுற்றித் தந்தார். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். "பதினாலு நாள். அதுக்கு மேல போனா அபராதம்" என்றார். என்னிடமே.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இவரிடம் சொன்னேன்: "இன்னும் ஒரு தடவை 10W-40 ஊத்திப் பாக்கணுங்க. இந்தத் தடவை ரோட்டுல வேணாம். பட்டறையிலயே."

யோசித்தார். "போன தடவை நீ சொன்னதைக் கேட்டேன்."

"ஆமா."

"அதுக்கு முந்தி எட்டு மாசம் அவன் சொன்னதைக் கேட்டேன்." வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னிக்கு என்ஜின் என்ன சொல்லுதுன்னு கேட்டுருவோம். வா."

வடித்தோம், ஊற்றினோம். இவர் வண்டியை மேம்பாலம் வரை இரண்டு முறை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தார். பட்டறை நடுவில் சும்மா ஓடவிட்டார். முள் சரிந்தது. சிவப்பைத் தொட்டது.

"பாத்தீங்கல்ல?" என்றான் கொழுந்தன். குரலில் வெற்றி இல்லை. அண்ணன் வண்டி அல்லவா.

அணைத்துவிட்டு, சூட்டோடு சென்சாரைக் கழற்றினான். பம்ப் அக்காவின் கேஜை மாட்டினான். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கைவேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. இவர் மறுபடி கிளப்பினார். எங்கள் இரண்டு தலையும் ஒரு கேஜின் மேல் குனிந்தன.

இரண்டேகால்.

கைப்புத்தகம் சொல்வது: சூடான என்ஜின் சும்மா ஓடும்போது ஒன்றுக்குக் கீழே போகக் கூடாது. நம்முடையது இரண்டேகாலில், ஆடாமல் அசையாமல் நிற்கிறது.

கொழுந்தன் கேஜைத் தட்டினான். இரண்டேகால். இவரை வேகம் கொடுக்கச் சொன்னான், நாலரைக்குப் போனது. விடச் சொன்னான், இரண்டேகாலுக்கு வந்தது. துணியால் கையைத் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணே," என்றான், "என்ஜின் கல்லு மாதிரி இருக்கு. அந்த சென்சார்தான் செத்துப்போச்சு."

இவர் கீழே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "அப்போ என் வண்டி நல்ல வண்டியா?" என்றார்.

"அருமையான வண்டிண்ணே."

விரல் அளவே இருக்கும் ஒரு சின்னப் பித்தளைச் சாமான். எப்போதும் உண்மையைவிட இரண்டு குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் பேச்சைக் கேட்டு முந்தைய உரிமையாளர் கெட்டி ஆயில் ஊற்றி, என்ஜின் போயிற்று என்று பயந்து, நல்ல வண்டியை நமக்கு விற்றிருக்கிறார். புது சென்சார் மாட்டியதும் முள் பச்சையில் போய் உட்கார்ந்தது. நல்ல பிள்ளையாக.

"முந்தின ஓனரு நல்லா ஏமாந்திருக்காரு அண்ணி" என்றான் கொழுந்தன்.

ஏமாந்தவர்கள் பட்டியலை அதற்கு மேல் அவன் நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.

நவம்பர் 24, திங்கள்

ஒரே சாவி. மைனஸ் ஒன்பது. சிக்னலிலும் முள் பச்சை.

டிசம்பர் 3, புதன்

கேஜைப் பம்ப் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன், பன்னிரண்டாவது நாள். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் சொன்னேன். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

டிசம்பர் 11, வியாழன்

வானிலைக்காரர்கள் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். மலையில் மைனஸ் பதினொன்று.

இன்றைக்குப் போன் வர ஐந்தரை ஆயிற்று. நாலரையிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை.

"என்னாச்சுங்க?"

"இங்க பால் ஏத்துற மத்த ரெண்டு வண்டியும் எழுந்திருக்கல. ஒண்ணைத் தள்ளிப் பாத்தாங்க, அதுவும் ஆகல. நம்மளது ஒரே சாவி."

"அப்புறம் ஏன் லேட்டு?"

"லேட்டு இல்ல. அஞ்சேகாலுக்கு நான் ரெடி. கடிகாரம்தான் நிறுத்தினாரு. 'உங்க வண்டிதான் ஓடுது, அந்தப் பாலையும் முடிஞ்ச அளவு ஏத்திக்கோங்க'ன்னாரு. நாப்பத்தாறு கேன் கூட ஏத்தியிருக்கேன். ஆலைக்கு அவரே போன் பண்ணிச் சொல்லிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். "எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. தன் கையால."

வாழ்நாளில் கடிகாரம் யாருக்கும் டீ வாங்கித் தந்ததாக வரலாறு இல்லை. இதைத் தனியாகக் குறித்துவைக்கிறேன்.

இவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அந்த இரண்டு வண்டிக்காரர்களும் வந்து கேட்டார்களாம்: "என்ன ஆயில் ஊத்துறீங்க?" இவர் எண்ணைச் சொல்லவில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றாராம்.

எண் அவருக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

டிசம்பர் 27, சனி

கீழே ஆலைச் சாலையில் மூடுபனி. நான்கு நிமிடம் மிச்சம் வைத்துப் போய்ச் சேர்ந்தார். மூன்றாவது தாமதம் விழவில்லை. எனக்கு இரண்டு நரை கூடியிருக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

கொழுந்தன் கெட்டி மருந்து டப்பாக்களைப் பட்டறை அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டான். தூக்கி எறியவில்லை. மனிதனுக்கு அவ்வளவு மானம் இருக்கலாம்.

ஜனவரி 31, சனி

சோதனைக் காலம் முடிந்தது. பதிவேட்டில் இரண்டு தாமதம், மூன்றாவதற்கு விட்ட இடம் காலி. கடிகாரம் ஆலைக்கே இறங்கி வந்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மணி என்ன என்று எழுதினார். 9.42.

இவர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் வெகு நேரம் தண்ணீர் ஓடியது. பாடினார் என்றும் சொல்லலாம். இசைப் பிரிவில் அதற்கு எண் கிடையாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆயில் மாற்றும் நாள். நான் போனபோது கொழுந்தன் தானாகவே 10W-40 டப்பாக்களை எடுத்து வைத்திருந்தான், பின்பக்கம் என் பார்வைக்குத் தெரியும்படி. வடித்தான், ஊற்றினான். விரலில் தேய்த்தும் பார்த்தான், பழக்கம்.

வேலை முடிந்ததும் பட்டறையில் ஒரு சின்ன அட்டை எழுதி, ஆயில் ஊற்றும் மூடியின் கழுத்தில் கம்பியால் கட்டிவிடுவார்கள். வழியில் வேறு எந்த மெக்கானிக் திறந்தாலும் தெரிவதற்காக. கொழுந்தன் திரும்பி நின்று எழுதினான். கட்டினான். பேனட்டை மூடாமல் டீ குடிக்கப் போய்விட்டான்.

எட்டிப் பார்த்தேன். தேதி, ஓடிய தூரம், 10W-40 டீசல். அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில்:

"அண்ணியைக் கேட்காமல் வேறு எதையும் ஊற்றக் கூடாது."

பட்டறையில் யாரும் இல்லை. இன்னொரு தடவை படித்தேன். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, முதலிலிருந்து.